மறதி நோய் விழிப்புணர்வு: உடன்குடி வட்டாரத்தை முன்வைத்து

மூளையின் நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதைவதால் நினைவு, சிந்தனை, மொழி, முடிவெடுக்கும் திறன், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் ஆற்றல் ஆகியவை குறைந்துகொண்டே வரும் நிலைக்கு மறதி நோய் என்று பெயர். மருத்துவர்கள் இதை டிமென்ஷியா என்பர். இது தனியொரு நோயின் பெயர் அன்று. பல நோய்களால் உண்டாகும் ஒரு நிலையின் பொதுப்பெயர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மறதி நோய்க்கு ஆளானோரில் 60 முதல் 70 விழுக்காட்டினருக்கு அல்சைமரே காரணமாக இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது, லூயி உடலங்களால் வருவது, மூளையின் முன்பகுதி சிதைவதால் வருவது எனப் பிற வகைகளும் உண்டு. ஒருவருக்கே இரண்டு வகைகள் சேர்ந்து இருப்பதும் உண்டு.

உலகெங்கும் 5 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நிலையில் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கின்றனர். இந்தியாவில் முதுமை குறித்து நடந்துவரும் 'லாசி' என்னும் நீண்டகால ஆய்வின் ஒரு பகுதியாக மறதி நோயும் ஆராயப்பட்டது. 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் இருக்கலாம் என்று அந்த ஆய்வின் முடிவு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிட நாட்டுப்புறத்திலும் விகிதம் கூடுதலாக இருந்தது.

இவ்வளவு பரவலான ஒன்றை நம் ஊர்களில் நோய் என்று சொல்லக் கேட்பது அரிது. "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்பதே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் பெரும்பாலும் கிடைக்கும் விளக்கம். "சின்னப்புள்ள மாதிரி ஆயிட்டாவ" என்பார்கள். கேரளத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. அங்கே ஆய்வு செய்தவர்கள், சிறுபிள்ளைத்தனம் என்று பொருள்படும் 'சின்னன்' என்ற சொல்லால் ஊரார் இதைக் குறிப்பதைப் பதிவு செய்துள்ளனர். சொல் இருக்கிறது என்றால் நோயை மக்கள் பார்த்திருக்கிறார்கள் என்பது உறுதி. நோய் என்று எண்ணவில்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியைப் பற்றியதே இக்கட்டுரை.

உடன்குடியை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் அங்கே இந்நோய் கூடுதல் என்பதன்று. மறதி நோயைக் கண்ணில் படாமல் மறைக்கும் சூழல்கள் பலவும் அந்த ஊரில் ஒருசேர இருக்கின்றன.

நோய் என்ன செய்கிறது

1901ஆம் ஆண்டு செருமனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவருடைய வீட்டார் முதலில் கவனித்தது மறதியை அன்று. காரணமில்லாமல் கணவர்மீது எழுந்த சந்தேகத்தை. அதன் பிறகே நினைவு தடுமாறியது, பொருள்களைக் கண்ட இடத்தில் ஒளித்துவைக்கத் தொடங்கினார், பேச்சு சிதைந்தது. அவரைப் பரிசோதித்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 1906இல் அவர் இறந்த பின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு இடையில் படிவுகளும், அணுக்களுக்கு உள்ளே முறுக்கிய இழைகளும் இருப்பதைக் கண்டு அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் விளக்கினார். 1910இல் எமில் கிரேப்பெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

அந்தப் படிவுகள் அமிலாய்டு எனும் புரதத்தாலும், இழைகள் டௌ எனும் புரதத்தாலும் ஆனவை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. அறிகுறி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை மூளையில் சேரத் தொடங்கிவிடுகின்றன. புதிய செய்திகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தொடக்கத்திலேயே பாதிக்கப்படுகிறது. காலையில் யார் வந்தார்கள் என்பது மறந்துவிடும், அறுபது ஆண்டுக்கு முன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது துல்லியமாக நினைவிருக்கும். இதைப் பார்க்கும் வீட்டார், "பழசெல்லாம் சொல்லுதாவளே, மறதி எங்க இருக்கு?" என்று ஏமாந்துபோகின்றனர். உண்மையில் பழையது நினைவிருந்து புதியது தங்காமல் போவதுதான் இந்நோயின் தொடக்க அடையாளங்களில் முதன்மையானது.

வயதானால் எவருக்கும் சிறிது மறதி வரும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது இயல்பு. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது இயல்பன்று. ஒருவர் பெயர் அப்போதைக்கு வராமல் பிறகு நினைவுக்கு வருவது முதுமை. நாள்தோறும் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறி.

வேலூர் ஆய்வு காட்டியது

தமிழ்நாட்டில் இந்நோயைத் தேடிப் போன ஆய்வுகள் 1990களிலேயே நடந்துள்ளன. சென்னையை அடுத்த திருப்போரூர் வட்டார ஊர்களில் எஸ். ராஜ்குமார், எஸ். குமார், ஆர். தாரா ஆகியோர் செய்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு மறதி நோய் இருப்பதாக அது கண்டது. கூட்டுக்குடும்பம், உடலுழைப்பு, எளிய உணவு என்று வாழும் கிராமங்களில் இந்நோய் கிடையாது என்ற எண்ணத்துக்கு அது ஒரு மறுப்பு.

இதைவிடக் கூர்மையான பாடம் அடுத்து வந்தது. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66 மறதி நோய் ஆய்வுக் குழு' என்ற அமைப்பை உருவாக்கினர். மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடப்பதில்லை என்ற குறையே அப்பெயரின் பொருள். இக்குழு பல நாடுகளில் ஒரே முறையில் கணக்கெடுத்தது. இந்தியாவில் நகர்ப்புறத்துக்குச் சென்னையும் நாட்டுப்புறத்துக்கு வேலூரும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2008இல் வெளியான முடிவுகளில், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வழக்கமான வரையறைப்படி பார்த்தால் இந்திய நாட்டுப்புறத்தில் 65 வயதுக்கு மேற்பட்டோரில் மறதி நோய் 0.3 விழுக்காடுதான், கியூபாவிலோ 6.3 விழுக்காடு. நம் கிராமத்து மூளைக்கு ஏதோ தனிக்காப்பு இருக்கிறது என்று மகிழலாம் போலத் தோன்றும். ஆனால் அதே முதியவர்களை, பண்பாட்டுக்கும் கல்விநிலைக்கும் ஏற்ப வகுத்த வேறொரு அளவுகோலால் அளந்தபோது நாடுகளுக்கிடையே இருந்த அந்தப் பெரும் வேறுபாடு சுருங்கிவிட்டது.

எங்கே போனார்கள் இடையில் அந்த நோயாளிகள்? வழக்கமான வரையறைப்படி நோய் என்று முடிவுசெய்ய, நினைவு குறைந்திருப்பது மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கை தடைப்பட்டிருக்க வேண்டும். அதை வீட்டாரிடம்தான் கேட்டறிய முடியும். வளர்ச்சி குறைந்த பகுதிகளில் வீட்டார் அப்படியொரு குறை இருப்பதாகச் சொல்வதே குறைவாக இருந்தது என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். இதற்கு என் புரிதலில் முக்கியக் காரணம் நம் வீடுகளின் வழக்கம். அறுபத்தைந்து, எழுபது ஆனவுடன் "நீங்க சும்மா இருங்க ஆச்சி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று எல்லா வேலையையும் வாங்கிவிடுகிறோம். பணம் எண்ணவேண்டாம், கடைக்குப் போகவேண்டாம், சமைக்கவேண்டாம். வேலையே இல்லாதவரிடம் வேலை தடுமாறுவதை எப்படிக் காண்பது? நல்ல எண்ணத்தில் செய்யும் மரியாதையே நோய்க்குத் திரையாகிவிடுகிறது.

ஆகவே "மறதி இருக்கிறதா?" என்று வீட்டாரிடம் கேட்பதில் பெரிய பயன் இல்லை. "இரண்டு ஆண்டுக்கு முன் தானாகச் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை, ஏன் விட்டார்?" என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

உடன்குடியில் இது எப்படித் தெரியும்

உடன்குடி, தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டத்தில் உள்ள பேரூர். 1986 வரை பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஊரைச் சுற்றிப் பனங்காடும் செம்மணல் தேரியும், கிழக்கே குலசேகரன்பட்டினத்துக் கடலும். இங்கே காய்ச்சும் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

கருப்பட்டி காய்ச்சுவதை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை வடிகட்ட வேண்டும். பனங்காட்டு விடிலியில் அடுப்பு மூட்டி, ஓலையும் மட்டையும் தள்ளி, பல மணி நேரம் காய்ச்ச வேண்டும். பொங்கி வரும்போது அடக்க வேண்டும். பாகு முறுகும் நேரம் பார்த்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் அறிந்து, இறக்கி, துழாவி, சிரட்டையில் ஊற்ற வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. நாற்பது ஆண்டுகள் இதைச் செய்த ஓர் ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை பாகு கருகிப்போகிறது. பதநீரை வடிகட்டாமல் ஊற்றிவிடுகிறார். அடுப்பில் ஓலை வைத்ததை மறந்து வேறெங்கோ எழுந்து போகிறார். துழாவும் கையின் பழக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்தது எது என்ற வரிசையும், இப்போது இறக்கலாம் என்ற முடிவும் போய்விட்டன. மூளையில் இவ்விரண்டையும் வெவ்வேறு பகுதிகள் கவனிக்கின்றன. வரிசையும் முடிவும் முதலில் தடுமாறும், கைப்பழக்கம் கடைசிவரை நிற்கும்.

வீட்டார் என்ன செய்வார்கள்? "இந்த வருசத்தோட காய்ச்சுறத விடுங்க" என்பார்கள். ஆச்சியும் விட்டுவிடுவார். அதோடு அறிகுறி கண்ணிலிருந்து மறைந்துவிடும். மருத்துவரிடம் போயிருக்கவேண்டிய நாள் அதுதான்.

அடுத்தது, பிள்ளைகள் வெளியூரில் இருப்பது. இவ்வட்டாரத்தார் சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பதும், வளைகுடா நாடுகளுக்குப் போவதும் பல தலைமுறை வழக்கம். வாரத்துக்கு ஒருமுறை போன் பேசும் மகனுக்கு நோய் தெரியாது. நலம் விசாரிப்பு, சாப்பிட்டாயா, பேரன் எப்படி இருக்கிறான் என்ற பேச்சு மனத்தில் ஊறிப்போனது. நோய் வந்தபிறகும் நெடுநாள் சரளமாக வரும். "எங்கிட்ட நல்லாத்தான பேசுதாவ" என்று மகன் சொல்வார். உடனிருக்கும் மருமகளோ மகளோ சொல்வது மிகை என்று அவருக்குத் தோன்றும். பத்து நிமிடப் பேச்சில் அதே கேள்வி எத்தனை முறை வந்தது, நேற்று என்ன சமையல் என்று கேட்டால் பதில் வருகிறதா, வேறு பேச்சுக்குத் தாவுகிறாரா என்று கவனித்தால் ஓரளவு பிடிபடும்.

இதனினும் கொடுமை சந்தேகம். அல்சைமர் பார்த்த முதல் நோயாளியிடம் தெரிந்த அதே அறிகுறி நம் வீடுகளில் வேறு உருவில் வரும். நகையையோ பணத்தையோ ஓரிடத்தில் ஒளித்துவைப்பார். வைத்தது நினைவில் பதியாது. தேடினால் இல்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். யார்? பக்கத்தில் இருப்பவர்தான். "என் கம்மல மருமவ எடுத்துட்டா" என்று தெருவுக்குச் சொல்வார். சாப்பிட்டு அரைமணி நேரம் ஆகியிருக்காது, "எனக்குக் காலையில இருந்து சோறு போடல" என்று பக்கத்து வீட்டில் கேட்பார். கேட்டவர் நம்புவார், ஏனென்றால் சொல்பவர் பொய் சொல்லும் ஆள் அல்லர். அவர் பொய் சொல்லவும் இல்லை. மூளை தன்னிடம் விடுபட்ட இடத்தை நிரப்பிக்கொள்கிறது. இதனால் மனமுடைந்த பெண்களும், ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகளும் ஊர்தோறும் உண்டு. விழிப்புணர்வு என்பது நோயாளியின் வீட்டோடு நிற்காமல் அடுத்த வீட்டுக்கும் போகவேண்டும் என்பது இதனால்தான்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்

"இதுக்கு மருந்தே இல்லையாமே, பெறகு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்பவர்கள் உண்டு. முதல் விடை: மறதி நோய் போலத் தோன்றும் எல்லாமே மறதி நோய் அல்ல. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், காது கேளாமை ஆகியவை முதியவரை மந்தமாகவும் மறதியுள்ளவராகவும் காட்டும். கீழே விழுந்து தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து மூளையின் மேலுறைக்கடியில் இரத்தம் கட்டி நிற்பதும் அப்படியே. இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரத்தப் பரிசோதனையும் ஒரு தலை ஸ்கேனும் இவற்றில் பலவற்றைக் காட்டிவிடும். வயசு என்று விட்டுவிட்டால், குணமாகக்கூடிய ஒருவரை இழக்கிறோம்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது வேறு கதை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆள் தெரியாமல் பேசுகிறார் என்றால் சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை தாழ்தல், பக்கவாதம் போன்றவை காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மறதி நோய் என்று உறுதியானால் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்ற மருந்துகள் தரப்படும். இவை நோயைக் குணப்படுத்தா. சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும். அமிலாய்டு படிவை நீக்கும் லெகானெமாப் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்தது. தொடக்கநிலை நோயாளிகளுக்கு மட்டுமே அது உதவும், நோய் முற்றும் வேகத்தை ஓரளவே குறைக்கும், மூளை வீக்கம், கசிவு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. மூலிகைப் பொடியாலும் தைலத்தாலும் முற்றிலும் குணமாகும் என்று வாட்சப்பில் வரும் செய்திகளை நம்பிப் பணத்தை இழக்கவேண்டாம்.

மனநலப் பிரிவும் பொது மருத்துவமும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் இருக்கின்றன. போகும்போது எல்லா மாத்திரைகளையும், எப்போது எதைக் கவனித்தீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துச் செல்வது நல்லது. மருத்துவர் தேதி, கிழமை, கணக்கு என்று சில கேள்விகள் கேட்பார். பள்ளிக்குப் போகாத ஒருவருக்கு ஆங்கிலத் தேதி தெரியாமல் இருப்பது நோயன்று. இது ஆடியா ஆவணியா, இது பதநீர்க் காலமா என்று கேட்டால் அவருடைய நினைவு தெரியும். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதை உடன் செல்பவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு, முழுமையாக இல்லை என்பதே விடை. ஆனாலும் 2024இல் லான்செட் ஆணையம் 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை வாழ்நாள் முழுதும் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று மதிப்பிட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, தனிமை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தலைக்காயம், இளமையில் கல்வி இன்மை ஆகியவை அதில் அடங்கும். பனைமரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபடுவது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். கண்புரை அறுவையும் காது கருவியும்கூட மூளைக்கான மருத்துவம்தான் என்று சொன்னால் பலர் வியப்பார்கள்.

விழிப்புணர்வு வந்த வழியும் வரவேண்டிய வழியும்

1984இல் பன்னாட்டு அல்சைமர் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அதன் பத்தாம் ஆண்டில், 1994இல், செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாளாக அறிவிக்கப்பட்டது. 2012 முதல் செப்டம்பர் மாதம் முழுவதுமே அதற்குரியதாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் 1992இல் டாக்டர் ஜேக்கப் ராய் கேரளத்தில் அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1978இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியிருந்தார். சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ப் அமைப்பு சென்னையில் மறதி நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் உதவி வருகிறது.

கேரளத்தில் இந்நோயின் பெயரை வீடுவீடாகக் கொண்டுசேர்த்ததில் 2005இல் வந்த 'தன்மாத்ரா' திரைப்படத்துக்குப் பங்குண்டு. தமிழில் ராதாமோகன் இயக்கிய '60 வயது மாநிறம்' 2018இல் வந்தது. கன்னடப் படமொன்றின் மறுஆக்கம். காணாமல் போகும் ஒரு தந்தையைப் பற்றிய அந்தப் படம் இங்கே அவ்வளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

சென்னைக் கருத்தரங்கும் செப்டம்பர் மாத ஊர்வலமும் உடன்குடிக்கு வந்து சேர்வதில்லை. ஏற்கெனவே வீட்டுக்குள் வருகிறவர்கள் மூலமாகத்தான் இச்செய்தி வரமுடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் பணியாளர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள். மாத்திரை சரியாகத் தீர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அவர்கள். கூடுதலாக மீந்திருந்தாலும், முன்னதாகவே தீர்ந்திருந்தாலும், அது மறதியின் அடையாளமாக இருக்கலாம். முன் சொன்ன அந்த ஒரு கேள்வியை அவர்கள் கேட்கப் பழகினால் போதும். பள்ளி மாணவர்களும் நல்ல வழி. வீட்டில் தாத்தா ஆச்சியோடு மாலைநேரம் இருப்பவர்கள் அவர்களே. ஒரே கதையை ஐந்தாம் முறை சொல்வதை முதலில் கவனிப்பதும் அவர்கள்தான்.

இன்னொன்று தசரா. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் வேடமணிந்து, குழுக் குழுவாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பெறுவர். ஊரே தெருவில் நின்று பார்க்கும் நேரம் அது. அல்சைமர் மாதத்தை ஒட்டியே பெரும்பாலும் வரும். அந்தக் கலைநிகழ்ச்சிகளுக்கு நடுவே ஐந்து நிமிட நாடகமாக இதைச் சொன்னால் எந்தத் துண்டறிக்கையையும்விடப் போய்ச்சேரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னும், ஞாயிறு ஆராதனைக்குப் பின்னும் சொல்லப்படும் அறிவிப்புகளுக்கும் அதே வலிமை உண்டு.

தொலைந்துபோதலும் வீட்டுப் பேச்சும்

நோய் நடுக்கட்டத்துக்கு வரும்போது வெளியே இறங்கி நடக்கத் தொடங்குவர். தேரிக்காட்டில் எல்லாத் திசையும் ஒன்றுபோலத் தெரியும். வெயிலில் மணல் கொதிக்கும். திருச்செந்தூர்க் கூட்டத்திலோ தசரா இரவிலோ கையை விட்டால் தேடுவது மிகக் கடினம். சட்டைப் பையிலும் முந்தானை முடிச்சிலும் போன் எண் எழுதிய அட்டை, அண்மையில் எடுத்த புகைப்படம், பேருந்து நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் முன்கூட்டியே சொல்லிவைத்தல் ஆகியவை உதவும். காணவில்லை என்றால் ஒரு மணி நேரம் தேடிப்பார்ப்போம் என்று காத்திராமல் உடனே காவல் துறைக்குச் சொல்லவேண்டும். முதியோருக்கான உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. மருத்துவத் தகவலுக்குத் தமிழ்நாட்டில் 104.

மாலை மயங்கும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். "எங்க அம்மா வீட்டுக்குப் போணும்" என்று எழுந்து நிற்பார் எண்பது வயது ஆச்சி. அவர் அம்மா இறந்து ஐம்பது ஆண்டு ஆகியிருக்கும். "ஒங்க அம்மதான் செத்துப்போய்ட்டாவளே" என்று திருத்தினால், அவருக்கு அது அப்போதுதான் கேள்விப்படும் சாவு, அழுவார். நாளை மறுபடி கேட்பார், மறுபடி அழவைப்போம். "ஒங்க அம்மய பத்திச் சொல்லுங்க ஆச்சி, எப்படி இருப்பாவ?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்துத் திண்ணையில் உட்காரவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வாதாடி வெல்ல முயல்வதால் பயனில்லை என்பதைப் பராமரிப்பவர்கள் பல மாதங்கள் பட்டுத்தான் கற்கிறார்கள்.

அந்தப் பராமரிப்பவர் அநேகமாக ஒரு பெண். இரவில் தூக்கமில்லை, வெளியே போகமுடியாது, நன்றி சொல்ல ஆளில்லை, போதாததற்குத் திருட்டுப் பழி. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு ஆண்டுக்கு இரண்டு வாரமாவது வந்து தங்கி அவரை விடுவித்தால், அந்த இரண்டு வாரத்தில் நோயைப் பற்றி அவர்களுக்கும் வேண்டிய அளவு தெரிந்துவிடும்.

நோயாளியைச் சும்மா உட்காரவைப்பதும் நல்லதன்று. அடுப்பு வேலையை நிறுத்தவேண்டி வரும். ஓலை கிழிப்பதும், ஓலைப்பெட்டி முடைவதும், கருப்பட்டியைப் பெட்டியில் அடுக்குவதும் கையில் ஊறிய வேலைகள், நெடுநாள் வரும். முடைந்த பெட்டி கோணலாக இருக்கலாம். அவிழ்த்துப் போட்டு மறுபடி கொடுத்தாலும் அவர் புதிதாகத் தொடங்குவார்.